அரை நிமிடத்துக்கு ஒரு மூச்சு

சந்தியாகுவுக்கு நாற்பத்தாறு வயதில் மூச்சு விடக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. பிறந்த குழந்தை முதுகில் ஒரு தட்டு வாங்கியதும் கற்றுக்கொண்டுவிடுகிற காரியம் அது. பத்தொன்பது வருடம் தண்ணீருக்கு அடியில் பிழைத்த ஆள் அதற்காக ஒரு பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். தாராவியில் அவர் இருந்த ஏழு மாடிக் கட்டிடத்தில் நிறையப் பேர் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதே சரியாகத் தெரியாது. கப்பல் வேலை என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூர் போய் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் கப்பலுக்கு மேலே வேலையே கிடையாது. எல்லாம் அடியில்தான். துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களின் வயிற்றில் கொட்டலசு என்று ஒன்று ஒட்டி வளரும், சிப்பி மாதிரி கெட்டியாக. அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். தலையில் இரும்புத் தொப்பி, முதுகில் ஒரு குழாய். குழாய் வழியாக மேலேயிருந்து காற்று வரும், கூடவே ஒரு டெலிபோன் கம்பியும் வரும். பம்பாய்த் துறைமுகத்துத் தண்ணீரில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கையால் தடவித்தான் வேலை. உவரிக் கடற்கரையில் பிறந்தவரென்பதால் தண்ணீரை நினைத்து அவருக்குப் பயமில்லை. உள்ளபடி சொல்லப்போனால் கரையில் இருக்கிறபோதுதான் அவர் கொஞ்சம் தடுமாறுவார். ரேஷன் கடையில் பேசத் தெரியாது, மாஹிம் ஸ்டேஷனில் ஏறும் கும்பலில் எப்போதும் கடைசி ஆள். தண்ணீருக்குள் போய்விட்டால்தான் அவர் ஒரு ஆள்.

அந்தக் குழாயின் மறு முனையில் பூதத்தான் இருந்தார். ராதாபுரத்துக்காரர், சந்தியாகுவைவிட ஐந்து வயது மூத்தவர். படகில் உட்கார்ந்து குழாயைக் கையில் பிடித்திருப்பதும், பக்கத்திலிருக்கும் பெட்டியில் காதை வைத்திருப்பதும் அவர் வேலை. கீழே இருப்பவன் விடும் ஒவ்வொரு மூச்சும் அந்தப் பெட்டியில் கேட்கும். பத்தொன்பது வருடமாக சந்தியாகுவின் மூச்சை அவர் கேட்டுவந்தார். கட்டிய மனைவி ஜாக்குலினுக்கே அத்தனை மூச்சு பழக்கமிருக்காது.

"ஒன் மூச்ச வச்சே மணி சொல்லிருவேன்டே" என்பார் பூதத்தான். "மொத அர மணி நேரம் ஒரு தினுசு. பசிச்சா வேற தினுசு. வீட்ல சண்ட போட்டுட்டு வந்தன்னு வையி, அது தனி."

இந்த நேரத்தில் ராஜபாண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே படகில் வேலை பார்த்த பையன். குறைந்த காற்றில் நிறைய வேலை பார்ப்பதாக அவனுக்கு ஒரு பெருமை. முன்பு காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கிய இடத்தில் பழகிய கெட்ட பழக்கம் அது. மூச்சை இழுத்து அடக்கிவைத்துக்கொள்வான், தாங்க முடியாதபோது விடுவான். ஒருநாள் அவன் மூச்சு பெட்டியில் விட்டுவிட்டுக் கேட்டது. பூதத்தானுக்குச் சந்தோஷம், பயல் நிதானத்துக்கு வந்துவிட்டான் என்று. எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லாருக்கேன்" என்றான். அதற்கப்புறம் மூச்சு கேட்கவில்லை. உடம்புக்குள் கெட்ட காற்று தேங்கி மூளை மயங்கிவிட்டது என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். மேலே கொண்டுவந்தபோது அவன் கண் திறந்தேதான் இருந்தது. அன்றிலிருந்து கீழே இருப்பவன் வாயால் சொல்வதைப் பூதத்தான் நம்புவதில்லை. பெட்டியில் கேட்கும் மூச்சைத்தான் நம்புவார்.

போன வருடம் வாஷியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு கப்பல் கம்பெனி புது விதி போட்டது. நாற்பத்தைந்து வயது தாண்டிய முக்குளிப்பவர்கள் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் இருபத்தைந்து நிமிடம் விடாமல் எடை இழுத்துக் காட்ட வேண்டும். மணிச் சத்தத்துக்கு ஒரு இழுப்பு. தவறினால் ஆறு வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதுவும் தவறினால் ஆயுசுக்கும் தண்ணீர் கிடையாது.

சந்தியாகு பதினோராவது நிமிடத்தில் நின்றுவிட்டார். கையில் வலு இருந்தது, மனதிலும் தெம்பு இருந்தது, மூச்சுதான் நாய்க்கு இரைக்கிற மாதிரி இரைத்தது. நிமிடத்துக்கு முப்பத்தெட்டு என்று பூதத்தான் எண்ணிச் சொன்னார். காலில் இரும்பு கட்டினாற்போல ஆகிவிட்டது. ஆறு வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது, கரையிலேயே வேலை என்று உத்தரவாயிற்று.

ஆறு வாரமும் அவர் கயிறு சுருட்டினார், தொப்பி துடைத்தார். வீட்டில் சரியாகப் பேசவில்லை. ஜாக்குலின் மாதுங்காவில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் உதவி வேலை பார்த்துவந்தாள். அவள்தான் அவரை வற்புறுத்தி அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா ஷ்யாமளா அவரை ஒரு சைக்கிளில் ஏற்றி மிதிக்கவிட்டார். பத்து நிமிடத்தில் மனிதர் தொங்கிப்போனார்.

"உங்க லங்ஸ் நன்னாத்தான் இருக்கு" என்றார் ஷ்யாமளா. "ஹார்ட்டும் சரியா இருக்கு. மூச்ச இழுக்கற மசில் இருக்கோல்லியோ, அதுதான் டயர்டாயிடறது. ஆழத்துல காத்து கனமா இருக்கும், தண்ணி வேற நெஞ்ச அமுக்கும். அந்த மசில் களைச்சுதுன்னா, கால், கைக்குப் போற ரத்தத்த உடம்பு அதுக்குத் திருப்பி விட்டுடும். அதான் உங்களுக்குக் கால் விட்டுப்போறது."

அவர் ஒரு சின்னக் குழாயை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு சுருள்வில் இருந்தது. காற்றை அவ்வளவு லேசில் இழுக்கவும் விடாது, ஊதவும் விடாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்து, முழுக்க ஊதித் தள்ள வேண்டும். தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள்.

"லங்ஸ் பெருசாகாது, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்கோ. மசில் கெட்டியாகும், அவ்வளவுதான். ஆனா அதுவே போதும். தண்ணிக்குள்ள மூச்ச அடக்கி மட்டும் பாக்கக் கூடாது, அது வேற, ஆபத்து. இன்னொண்ணு. உங்க மூச்சோட ரிதமே மாறிப்போயிடும். மெதுவா, ஆழமா வரும். கூட வேலை பாக்கறவா கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்கோ."

சந்தியாகு தலையை ஆட்டினார். ஆட்டுவதற்கென்ன, அவர் எல்லாவற்றுக்கும் ஆட்டுவார்.

காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். ஜாக்குலின் போனில் அரை நிமிடத்துக்கு ஒரு சத்தம் வருகிறாற்போல வைத்துக் கொடுத்தாள். சத்தம் வந்ததும் ஒரு இழுப்பு. விலா எலும்புக்குள் யாரோ கை விட்டுப் பிசைகிற மாதிரி இருக்கும். முதல் வாரம் பாதியில் தலை சுற்றிக் கட்டிலில் சாய்ந்தார். எதிர்வீட்டுக்காரர், "சந்தியாகு, நாதஸ்வரம் கத்துக்கிறீரா வே" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜாக்குலின் மாஹிம் கோயிலில் புதன்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சந்தியாகு ஒருநாள்கூடத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ஊதலாமா என்று கேட்டுத் திட்டு வாங்கினார்.

மூன்றாவது வாரம் லிஃப்ட் கெட்டுப்போனது. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடுவதுதான் செய்தி, கெடுவது இல்லை. ஏழு மாடி ஏறுவதற்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர், அன்று ஒரே மூச்சாக ஏறி வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் எங்குமே நிற்கவில்லை என்று உணர்ந்தார். ஜாக்குலின் இரண்டு மாடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் ஷ்யாமளா மறுபடி சைக்கிளில் ஏற்றினார். இருபத்தேழு நிமிடம் மிதித்தார். மூச்சு நிமிடத்துக்குப் பதினைந்து. ஷ்யாமளா அதை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

"அண்ணாச்சிட்ட சொல்லிட்டீங்களா?" என்று ஜாக்குலின் அன்று மாலை கேட்டாள்.

"வேண்டாம். அவரு வாயில ஒண்ணும் நிக்காது. நாளைக்கே டாக்யார்டு முழுக்கப் பரவிரும், சந்தியாகுக்கு மூச்சு இல்ல, வைத்தியம் பாக்கான்னு."

"டாக்டரம்மா சொன்னாங்கல்லா."

"சொன்னாங்க." அப்புறம் உண்மையான காரணத்தைச் சொன்னார். "பத்தொம்பது வருசமா எம்மூச்சக் கேட்டுட்டு இருக்காரு. சோதன அன்னைக்கு அவரே கேட்டுத் தெரிஞ்சிக்கிடட்டுமே. அவரு மொகம் எப்பிடி ஆவும்னு நெனச்சாலே எனக்குச் சிரிப்பு வருது."

ஜாக்குலினுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் மனிதர் ஒரு மாதத்துக்கப்புறம் சிரித்துப் பேசுகிறாரே என்று விட்டுவிட்டாள். இதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

சோதனை நாள் காலை பத்து மணிக்குப் படகு துறையை விட்டுக் கிளம்பியது. படகில் மேற்பார்வை சாஜன் என்ற கன்னியாகுமரிப் பையன். கம்பெனி சார்பில் வாஷியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், கையில் பலகையும் தாளுமாக. பூதத்தான் நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தார். சந்தியாகுவை நேராகப் பார்க்கவில்லை. ஆறு வாரமாக அவருக்கும் தூக்கமில்லை. பதினோராவது நிமிடத்தில் கேட்ட அந்த இரைப்பு அவர் காதிலேயே இருந்தது.

தொப்பியை மாட்டி, எப்போதும் போல இரண்டு தட்டுத் தட்டினார். "அவசரப்படாதடே. முடியலன்னா சொல்லிரு. உயிரு பெருசு."

"பாருங்க அண்ணாச்சி" என்றார் சந்தியாகு. வேறு எதுவும் சொல்லவில்லை.

கீழே போனதும் இருட்டு. எடை தொங்கும் இரும்புச் சட்டத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்தார், எடையின் கயிற்றைப் பிடித்தார். மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு இழுப்பு, மறுபடி ஒரு இழுப்பு. நெஞ்சு தன்பாட்டுக்கு மெதுவாக நிறைந்தது, மெதுவாகக் காலியானது. இடையில் ஒரு அமைதி. கனமான காற்று அவருக்குக் கனமாகவே தெரியவில்லை. கால் தரையில் ஊன்றி நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. பதினோராவது நிமிடம் வந்ததும் உடம்பு பழைய பயத்தில் ஒரு கணம் விறைத்தது. அதுவும் கடந்து போனது. இருபது வயதில் உவரியில் அலையை உடைத்துக்கொண்டு போனபோதுகூட இப்படி இருந்ததில்லை என்று தோன்றியது. மேலே அண்ணாச்சி இதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்து, தொப்பிக்குள் சிரித்துக்கொண்டார்.

பதினான்காவது நிமிடம் காதில் குரல் வந்தது. "சந்தியாகு, என்னடே?"

"நல்லாருக்கேன்."

"மூச்சு கேக்கல?"

"கேளுங்க, கேக்கும்."

அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை போல, கண்டுபிடிக்கட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். இன்னும் மூன்று நிமிடம் போனது. மறுபடி குரல், இந்தத் தடவை அதில் நடுக்கம் இருந்தது. "ஏல, உண்மையச் சொல்லு. என்ன செய்யி?"

இந்த இடத்தில் அவர் எதையாவது சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா, குழாய், மாதுங்கா, எதையாவது. மணிச் சத்தத்தைத் தவறவிடக் கூடாதென்ற கவனத்தில், வாயில் வந்ததைச் சொன்னார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லாருக்கேன்."

சொல்லி முடித்து அடுத்த மூச்சை அவர் நிதானமாக, ஆழமாக இழுத்தார். அதற்கு முந்தைய இடைவெளி எவ்வளவு நீளமோ, மேலே அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அது எட்டு வருடம். குழாய் நான்கு முறை வெட்டி இழுபட்டது. மேலே வா என்று அர்த்தம். வேண்டாம் வேண்டாம் என்று சந்தியாகு கத்தினார். குழாய் இறுகி அவரைத் தூக்கியது. கயிறு கையை விட்டுப் போனது, எடை அடியில் போய் விழுந்தது. பதினேழு நிமிடம் சொச்சம்.

தொப்பியைக் கழற்றியபோது பூதத்தான் அவர் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். "கண்ணத் தொறடே. சந்தியாகு, கண்ணத் தொறடே." கண் திறந்துதான் இருந்தது. ராஜபாண்டிக்கும் திறந்துதான் இருந்தது என்பது சந்தியாகுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. என்னத்துக்கு இழுத்தீங்க? எட்டு நிமிசம், இன்னும் எட்டு நிமிசந்தான் இருந்தது."

பூதத்தான் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அது இரைக்கவில்லை. தூங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி ஏறி இறங்கியது. தான் செய்தது என்ன என்று அவருக்கு மெல்ல விளங்கியது, அப்படியே படகின் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். குழாய் பிடிப்பவர் நிறுத்து என்று சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது, அதைத் திருப்ப யாருக்கும் அதிகாரமில்லை என்பது விதி. உயிர்காக்கிற விதிதான், குறை சொல்ல முடியாது. சந்தியாகு தனக்குத் தெரிந்த ஹிந்தியில், நான் நன்றாக இருக்கிறேன், இப்போதே மறுபடி இறங்குகிறேன் என்றார். "சப் யஹீ போல்தே ஹை" என்றார் அதிகாரி. எல்லோரும் இதைத்தான் சொல்வார்களாம். பூதத்தான் எழுந்து வந்து, "சாப், கல்தி மேரா ஹை, மேரா கான் கா கல்தி", தப்பு என்னுடையது, என் காதுடையது என்று தன் காதைப் பிடித்துக் காட்டினார். அதிகாரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். சினேகிதனுக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிற நல்ல மனிதர் என்று நினைத்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. யாரையுமே குற்றம் சொல்ல முடியாமல் போனதுதான் இந்த விஷயத்தில் பெரிய கொடுமை.

ஷ்யாமளா விடவில்லை. சைக்கிள் கணக்கு, மூச்சுக் கணக்கு, பயிற்சி எப்படி நடந்தது என்று எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். சாஜன் அதை வாஷிக்கு அனுப்பினான். பத்து நாளில் பதில் வந்தது. சாஜன் அதைத் தானே வாசித்துக் காட்டினான்.

"அண்ணே, அரை நிமிசத்துக்கு ஒரு மூச்சுன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்கல்ல, அதப் பிடிச்சிக்கிட்டாங்க. மூச்ச அடக்கப் பழகிட்டு வந்திருக்காரு, பழைய விபத்து மாதிரி ஆவும், இனி இவரத் தண்ணியில இறக்கவே கூடாதுன்னு போட்டிருக்காங்க."

"நான் அடக்கல தம்பி."

"எனக்குத் தெரியும் அண்ணே."

அவனுக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம். திங்கட்கிழமையிலிருந்து சந்தியாகு கயிறு சுருட்டும் வேலைக்கே நிரந்தரமாகப் போனார். பூதத்தான் பெட்டி பக்கம் உட்கார மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வராமல் நின்றுவிட்டார். போன் பண்ணினால் எடுக்கவில்லை. ஜாக்குலின் அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள். சந்தியாகு அதை எடுக்கவுமில்லை, எங்கே என்று கேட்கவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஜாக்குலின் கீழே யாரிடமோ பேசிக்கொண்டு நின்றாள். தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தியாகு படி ஏறினார். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் பூதத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார், பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. முகத்தில் ஒரு மாத தாடி இருந்தது. சந்தியாகு கேனை இறக்கிவைத்து அவரைப் படியில் உட்காரவைத்தார், தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாடே" என்றார் பூதத்தான், இரைப்புக்கு நடுவில்.

"நீங்களே கேட்டு சந்தோசப்படணும்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"கேட்டேன்லா." அவர் சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுத்தானடே இழுத்தேன்."

கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது. படிக்கட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பூதத்தானுடைய மூச்சு மட்டும்தான் கேட்டது.